அரைச் சுற்று

உங்கள் கண்ணாடியின் இடது காதில் திருகு தளர்ந்திருக்கிறது. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அதை மூக்கின்மேல் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். குனிந்து எழுதும் வேலை உள்ளவர்களுக்கு இது சீக்கிரமே தளர்ந்துவிடும். சின்னத் திருப்புளி இருந்தால் இப்போதே சரிசெய்து தந்துவிடுவேன். அரைச் சுற்று போதும். ஆனால் என்னுடையதை வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏன் வாங்கினார்கள் என்று எனக்குப் புரிகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

நான் முன்கோபி இல்லை. கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருஷத்தில் என் மனைவியைக் கை நீட்டி அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. எங்கள் கண்ணாடிக் கடைக்கு வரும் பெண்கள் என்னைக் காட்டித் தங்கள் வீட்டுக்காரரை இடிப்பார்கள். "பாருங்க, எவ்வளவு பதவிசா பேசறார். நீங்களும் இருக்கீங்களே" என்பார்கள். அவர்களையெல்லாம் கூப்பிட்டு விசாரித்தாலும் என்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை வராது.

என் மனைவியை முதலில் பார்த்ததே கடையில்தான். தலைவலி என்று வந்தாள். சோதனைக் கண்ணாடியை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, எல்லாரிடமும் கேட்பதைத்தான் அவளிடமும் கேட்டேன்.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?"

"எழுத்தே தெரியலைங்க."

"ரெண்டுலயுமா?"

"நீங்க மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க. ரெண்டுலயும் நீங்கதான் தெரியறீங்க."

எங்கள் கல்யாணத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை. மகள் பிறந்து, வளர்ந்து, விவரம் தெரிந்த பிறகு அவளும் சொல்லிக் கேலி செய்வாள். நான் மட்டும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் உள்ளதைச் சொன்னாள் என்றே நினைத்தேன். இருபது வருஷத்துக்கும் மேல் அது உண்மையாகவும் இருந்தது. முன்னால் கல்லாவில் அவள், பின்னால் வில்லை அறுக்கும் இயந்திரத்தில் நான். நடுவே ஒரு திரை. அதை நான் எப்போதும் ஒதுக்கித்தான் வைத்திருப்பேன். அவள் ஒருவர் முகத்தை ஒரு முறை பார்த்தால் போதும், அதற்கு ஏற்ற பிரேமைக் கையில் எடுத்துவிடுவாள். எனக்கு அளவு தெரியும், அவளுக்கு முகம் தெரியும். இதற்குமேல் ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும்?

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அவள் போனதும் இவளுக்கு முழங்கால் வலி வந்தது. உட்கார்ந்தே இருப்பதால்தான் என்று சொல்லி, சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். சைக்கிளை வாங்கிக் கொடுத்ததே நான்தான். இதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் தெருமுனை வரை போய் வந்தாள். பிறகு பூங்கா. பிறகு அந்தப் பெண்கள் கூட்டம் கிடைத்தது. பள்ளியில் விளையாட்டுச் சொல்லித்தரும் ஒரு பெண்மணிதான் அவர்களுக்குத் தலைவி. எல்லாரும் அவரைக் 'கேப்டன்' என்பார்கள். எட்டு ஒன்பது பெண்கள் விடியற்காலையில் கிளம்பி, ஊரைத் தாண்டிப் போய், வெயில் ஏறும் முன் திரும்புவார்கள். ஆறே மாதத்தில் என் மனைவிக்கு அங்கே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். மேடு வந்தால் மற்றவர்கள் இறங்கித் தள்ளுவார்களாம். இவள் மட்டும் உட்கார்ந்தபடியே ஏறுவாளாம். அதனால் 'எஞ்சின்'.

வீட்டில் நான் அவளை அம்மு என்று கூப்பிடுவேன். வாசலில் நின்று ஒரு பெண் "எஞ்சின், ரெடியா?" என்று கத்தும்போது, உள்ளே அம்மு "வந்துட்டேன்" என்று ஓடுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேப்டன் வாய்த்துடுக்கு உள்ளவர். ஒரு நாள் கடைக்கே வந்து சொன்னார். "சார், எங்க எஞ்சின் நேத்து லாரிக்காரனுக்கே வழி விடல. உங்க கண்ணாடியில பாத்தா அவ சின்னதா தெரியறாளோ?"

"நான் போட்டிருக்கறது கிட்டத்துல பாக்கற கண்ணாடிங்க. கிட்ட இருக்கறது நல்லா தெரியும்" என்றேன்.

"அப்ப தூரம் போனா தெரியாது. பாத்து சார்."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவிதான் அதிகம் சிரித்தாள்.

அவள் மாறியதைத் தப்பாகச் சொல்லமாட்டேன். நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். வாயைத் திறந்தால் மேடு, பள்ளம், எதிர்க்காற்று. கடைக்குத் தலை ஈரத்தோடு வருவாள். கால் இரும்பாகிவிட்டது என்று என் கையைப் பிடித்துத் தொடையில் வைத்துக் காட்டினாள். வைத்துப் பார்த்தேன். இரும்புதான். இந்த வயதில் ஒரு பெண்ணுக்கு அது எதற்கு என்று மட்டும் தோன்றியது.

கேப்டன் ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கடற்கரைச் சாலையில் பத்து நாள், வழியில் கண்ட இடத்தில் தங்கல். எல்லாரையும் கூட்டிப்போக முடியாது. ஊருக்கு வெளியே உள்ள மலைப்பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிக் காட்டுகிறவர்களுக்குத்தான் இடம். என் மனைவிக்கு அதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது. ஒரு நாள் கல்லாவில் சில்லறையை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, இது மட்டும் நடந்துச்சுன்னா எனக்குன்னு ஒண்ணு நடந்த மாதிரி. இது வரைக்கும் எல்லாம் நமக்குன்னுதான் நடந்திருக்கு."

"அதுல என்ன குறை?"

"குறைன்னு யாரு சொன்னா?" என்றவள் கடைசிக் காசையும் அடுக்கிவிட்டு, "திரும்பி வந்ததும் கல்லாவுக்கு ஒரு பொண்ணை வேலைக்கு வெச்சுக்கலாமா? நான் கேப்டனோட சேந்து பொம்பளைங்களுக்கு சைக்கிள் சொல்லித்தரலாம்னு பாக்கறேன்" என்றாள்.

வைத்துக்கொள்ளலாம் என்றேன். நான் எதையும் மறுத்துப் பேசுகிறவன் இல்லை.

அதற்கு அடுத்த மாதம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்றார்கள். அவள் சைக்கிளை ஓரமாகச் சாத்திவிட்டு இரண்டு வாரம் என் பக்கத்திலேயே இருந்தாள். மகள் வருகிறேன் என்றதற்கு "வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றாள். சூப் வைத்துக் கொடுத்தாள். தலையணையைத் தட்டித் தட்டி வைத்தாள். பேப்பர் படித்துக் காட்டினாள். காலையில் கண் விழித்தால் பக்கத்தில் அவள் இருந்தாள். வாசலில் யாரும் கத்தவில்லை. என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால், வயிற்றில் தையலோடு படுத்திருந்த அந்த நாட்களைத்தான் சொல்வேன்.

பிறகு அவள் மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். வெயில் ஏறியும் வரவில்லை. வந்தவள் உள்ளேகூட நுழையாமல் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூச்சே வரலைங்க. பாலத்து மேட்டுல இறங்கித் தள்ளிட்டுப் போனேன். ரெண்டு வாரம்தான் விட்டேன். எல்லாம் போச்சு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். வியர்வையும் தூசியுமாக இருந்தாள். அவள் என் தோளில் சாய்ந்து ரொம்ப நாளாகியிருந்தது என்பது சாய்ந்த பிறகுதான் தெரிந்தது.

"போனாப் போகுது அம்மு. கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்றேன்.

கேப்டன் போனில் அவளைத் திட்டியது எனக்கே கேட்டது. "ரெண்டு வாரத்துல போறது காலு இல்ல, மூச்சு. போன வேகத்துல திரும்பி வந்துடும். இருபது நாள் ஒழுங்கா மிதி. அழுது வடியாத."

அவர் சொன்னது சரிதான். மூன்றாம் வாரம் அவள் உள்ளே நுழையும்போதே முகம் மலர்ந்திருந்தது. "இன்னைக்குப் பாலத்துல இறங்கல" என்றாள். குளிக்கும்போது பாடினாள். படியில் உட்காரவில்லை. தோளில் சாயவும் இல்லை.

அன்று மதியம் கடையை அடைத்திருந்த நேரத்தில்தான் முதல் முறை.

எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வெளியே சொல்லாத ஒரு விஷயம் உண்டு. ஒருவருக்கு வேண்டிய பவரைவிடக் கொஞ்சம் குறைத்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தால், அவர் கண்ணாடியைக் குறை சொல்லமாட்டார். "கண்ணு போச்சுங்க, வயசாயிடுச்சு" என்றுதான் சொல்வார். நூற்றுக்கு ஒருவர்கூட வில்லையைச் சந்தேகப்படுவதில்லை. எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது தங்கள் உடம்பைத்தான்.

சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பிரேக் கட்டை இருக்கும். கட்டையைத் தாங்கும் கையின் அடியில் ஒரு சின்னத் திருகு. சைக்கிள் வாங்கிய புதிதில் கட்டை உரசியபோது கேப்டன்தான் குந்தி உட்கார்ந்து எனக்குக் காட்டிக் கொடுத்தார். "இப்படி அரைச் சுற்று சுத்தினா கட்டை விலகும் சார். அப்படி சுத்தினா ஒட்டும். உங்க கண்ணாடித் திருப்புளியே போதும்." சைக்கிளுக்கு எண்ணெய் போடுவது, காற்றுப் பிடிப்பது எல்லாம் என் வேலை. அதனால் நான் அதன் பக்கத்தில் குந்தி இருந்தால் வித்தியாசமாகத் தெரியாது.

அரைச் சுற்று சுற்றினேன். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தேன். நாலு சுற்றில் நின்றது. முன்பெல்லாம் நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும் வரை சுழன்றுகொண்டிருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காதை வைத்துக் கேட்டால் இடது பக்கம் மெல்லிய ஒரு உரசல், பட்டுத் துணியைத் தடவுவது போல.

மறுநாள் அவள் படியில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் அவள் விருப்பப்படிதான் நடந்தது. நான் எதையும் தடுக்கவில்லை. அவள் இன்னும் சீக்கிரம் எழுந்தாள். இன்னும் தூரம் போனாள். இளைத்தாள். கேப்டன் கடைக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு வாரம் விட்டதுக்கு இவ்வளவு நாள் ஆகாது எஞ்சின். ரத்தம் டெஸ்ட் பண்ணு."

பண்ணினோம். நான்தான் கூட்டிப்போனேன். எல்லாம் சரியாக இருந்தது.

"அப்ப வயசுதான்" என்றாள் என் மனைவி, ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே. "அம்பது வரப்போகுது. இவ்வளவு நாள் ஓடினதே பெருசு."

"உனக்கென்ன வயசு" என்றேன். பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஒரு தடவை, "பின்னால ஏதோ சத்தம் கேக்குது, பாருங்களேன்" என்றாள். புதிதாக மாற்றிய டயர் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். அவளே குனிந்து பார்த்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடியை அவளுக்கு மாற்றவேண்டிய காலம் வந்து ஒரு வருஷமாகியிருந்தது. கடைக்காரன் வீட்டில் அது தள்ளிக்கொண்டே போவது சகஜம். நான் வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்டால், மாற்றவில்லை என்று மட்டும் சொல்வேன்.

என்னைக் கல் நெஞ்சக்காரன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அவள் ரொம்ப வாடிப்போகும் நாட்களில் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிடுவேன். அவள் பிறந்த நாளன்று முழுவதுமாகவே விட்டுக்கொடுத்தேன். அன்று பறந்து வந்தாள். "இன்னைக்குப் பழைய மாதிரியே இருந்துச்சுங்க, கால்ல ரெக்கை கட்டின மாதிரி" என்று என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அதைவிட நல்ல பரிசை வேறு எந்தப் புருஷனாலும் அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது. மறுநாள் பழையபடி அரைச் சுற்று. அவள் நினைத்துக்கொண்டாள், நேற்று அதிகமாக மிதித்துவிட்டோம் என்று.

இப்போது நீங்கள் கேட்க நினைப்பதற்கு வருகிறேன்.

உரசிக்கொண்டே இருக்கும் கட்டை தேயும். அதுவும் ஒரு பக்கம் மட்டும் தேயும். இது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தேய்ப்பதுதானே என் தொழில். இடது கட்டையில் ரப்பர் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தேன். புதிய கட்டை ஒரு ஜோடி வாங்கியும் வைத்திருந்தேன். கண்ணாடியில் மூக்கின்மேல் உட்காருமே சின்ன ரப்பர்த் துண்டு, அவற்றைப் போட்டு வைக்கும் டிராயரில்தான் இருந்தது. நீங்களும் எடுத்திருப்பீர்கள். உறை பிரிக்காமல் இருந்திருக்கும்.

மலை ஏறும் ஞாயிறுக்கு முந்தைய நாள் கேப்டன் கடைக்கு வந்து, எல்லார் சைக்கிளையும் தன் வீட்டில் வைத்துச் சோதிப்பதாகச் சொன்னார். என் முகம் கொஞ்சம் மாறியிருக்கும். என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். இருபத்தைந்து வருஷம் முகங்களைப் படித்தவள் அல்லவா?

"எங்க வீட்டுக்காரர் பாத்தாச்சு கேப்டன். அவர் கை பட்ட ஸ்குரூவை அப்புறம் யாரும் தொட வேண்டாம். அவருக்குக் கஷ்டமா இருக்கும்."

"புருஷன் மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"கண்ணையே நம்பிக் கொடுத்திருக்கேன். சைக்கிளைக் கொடுக்க மாட்டேனா?"

அன்று மாலை கடைக்குப் பின்னால் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடது கட்டையில் ரப்பர் முடிந்து, உள்ளே இருந்த உலோகம் ஓரத்தில் பளபளத்தது. மாற்றினால் பத்து நிமிஷ வேலை. ஆனால் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். புதுக் கட்டை போட்டால் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்துத்தான் திருகை வைக்க வேண்டும். ஒட்டினாற்போல் வைத்தால் சக்கரம் நிற்பதை அவள் பார்ப்பாள். விலக்கி வைத்தால், நாளைக்கு அந்த மலையை அவள் உட்கார்ந்தபடியே ஏறிவிடுவாள். அதோடு, இத்தனை நாள் ஏன் முடியவில்லை என்பதையும் கண்டுபிடித்துவிடுவாள். அவள் புத்திசாலி.

"எல்லாம் சரியா இருக்காங்க?" என்று கேட்டாள்.

"கண்ணாடி மாதிரி இருக்கு" என்றேன்.

இதற்காக என்னைக் குற்றம் சொல்வீர்கள் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தச் சக்கரத்தோடு அவளால் மலை ஏற முடியாது என்பதுதான் என் கணக்கு. பாதி வழியில் களைத்துப்போய் இறங்கிவிடுவாள், வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவார்கள், படியில் உட்காருவாள். ஏறாதவளுக்கு இறக்கம் ஏது? எந்தக் கோர்ட்டிலும் இதைச் சொல்வேன். அவள் விழ வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் தோற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறு காலை போன் வந்தது.

அவளுக்குப் பேச்சே வரவில்லை. மூச்சுதான் கேட்டது. பின்னால் அந்தப் பெண்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, ஏறிட்டேன். கடைசியாத்தான் வந்தேன், ஆனா இறங்கவே இல்ல. ஒரு தடவைகூடக் கால் ஊனல. கேப்டன் அழறாங்க. நீங்க கேக்கறீங்களா?"

கேப்டன் போனைப் பிடுங்கிக்கொண்டார். "சார், இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு ஆள் மலை ஏறி நான் பாத்ததில்ல. எஞ்சின் எங்களோட வர்றா. கடையைப் பூட்டறீங்களோ, ஆள் வெக்கறீங்களோ, எனக்குத் தெரியாது."

மறுபடி அவள் வந்தாள். "கீழ எல்லாரும் சைக்கிள்லயே இறங்கறாங்க. சாமான் ஏத்திக்கிட்டு ஒரு வேன் வந்திருக்கு. கால் நடுங்குது, அதுல வந்துடட்டுமா? இல்ல, இவங்ககூடவே இறங்கிடவா? நீங்க சொல்லுங்க."

அந்த டிராயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். டிராயர் திறந்திருந்தது. உறைக்குள் இரண்டு கட்டைகளும் தெரிந்தன. வேனில் வந்துவிடு என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் சைக்கிளையும் வேனில் ஏற்ற அதைத் தூக்குவார்கள். தூக்கினால் சக்கரத்தில் கை படும். பக்கத்தில் கேப்டன் இருந்தார்.

"சைக்கிள்லயே வா அம்மு" என்றேன். "இறக்கம்தானே. மிதிக்கவே வேண்டாம்."

அவள் சிரித்துக்கொண்டே வைத்தாள்.

மூன்றாவது வளைவில் விழுந்தாள். முதுகெலும்பு. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "மன்னிச்சுக்கோங்க" என்றாள். "பின் பிரேக்கை அழுத்தினேன், அழுத்தினேன், பிடிக்கவே இல்ல. கையில பலமே இல்ல. பயத்துல முன் பிரேக்கை ஒரே பிடியா பிடிச்சுட்டேன். ரெண்டு வாரம் விட்டது கையைக்கூட இப்படிப் பண்ணும்னு நெனைக்கலைங்க."

ஈரத் துணியால் அவள் நெற்றியைத் துடைத்தேன். "அதையெல்லாம் இப்ப யோசிக்காத. கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்றேன்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடைக்கு அடுத்த அறையிலேயே கட்டில் போட்டேன். நடுவே இருந்த திரையைக் கழற்றிவிட்டேன். இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்க்கலாம். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது எல்லாம் நானேதான். மகள் ஒரு மாதம் வந்திருந்தாள். "அப்பா மாதிரி ஒரு ஆள் கிடைக்க அம்மா கொடுத்து வெச்சிருக்கணும்" என்று அழுதாள். ஒரு நாள் கால்களுக்கு எண்ணெய் தேய்த்தபோது பார்த்தேன். தொடையில் இரும்பு எல்லாம் போய்விட்டிருந்தது. எத்தனை சீக்கிரம் போகிறது பாருங்கள். இரண்டு வருஷமாகச் சேர்த்தது.

அந்த மாதங்களில் நாங்கள் சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் பொய். குறைந்தபட்சம் ஒருவர் சந்தோஷமாக இருந்தார்.

ஒரு தப்பு செய்தேன். சைக்கிளை நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். விபத்து நடந்த அன்று கேப்டன் எடுத்துப்போனது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், கொடுத்துவிடுங்கள் என்று இரண்டு முறை கேட்டேன். "இருக்கட்டும் சார்" என்றார். வாய்த்துடுக்கு எல்லாம் அடங்கிவிட்டிருந்தது. வாரத்தில் ஒரு நாள் வந்து அவள் பக்கத்தில் உட்காருவார். நான் கடையில் ஆளைக் கவனிக்கும் நேரமாகப் பார்த்து வருவார்.

நேற்றும் வந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் சூப்பை ஆற்றிக்கொண்டு உள்ளே போனேன். என் மனைவி தலையணையில் நிமிர்ந்து சாய்ந்திருந்தாள். முகத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. சிவப்புப் பிரேம். என் கடையில் அந்தப் பிரேம் கிடையாது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் கண்ணில் நான் போட்ட கண்ணாடியைத் தவிர வேறு எதுவும் ஏறியதில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு, "இது யாரு போட்டது?" என்று கேட்டேன்.

அவள் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். அதில் இரண்டு பிரேக் கட்டைகள். ஒன்று புதுசு போலத் தடிமனாக இருந்தது. இன்னொன்று வெறும் உலோகம். பக்கத்தில் அந்தச் சின்னத் திருகு. அதன் தலையில் என் திருப்புளியின் கோடுகள். அவ்வளவு மெல்லிய கோட்டைப் பழைய கண்ணாடியில் அவளால் பார்த்திருக்கவே முடியாது.

ரொம்ப நேரம் அவற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் போகல, இல்ல?" என்று கேட்டாள். "ரெண்டு வாரத்துல எனக்கு ஒண்ணுமே போகல."

நான் சூப்பைக் கலக்கினேன்.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு கேப்பீங்களே. இப்பக் கேளுங்க."

நான் கேட்கவில்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த போனை எடுத்து உங்கள் ஸ்டேஷனுக்குப் பேசினாள். நிதானமாகத்தான் பேசினாள். முகவரியைச் சொல்லும்போதுகூடக் குரல் நடுங்கவில்லை. நீங்கள் வரும் வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஊட்டப் போனேன், வாயைத் திறக்கவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். திருகைச் சுற்றியது நான்தான். உலோகம் தெரிந்ததைப் பார்த்தும் சரியாக இருக்கிறது என்று சொன்னது நான்தான். வேனில் வரட்டுமா என்று கேட்டவளைச் சைக்கிளில் இறங்கச் சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். என்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப வழி இருக்கிறதா என்று பாருங்கள். அவளைப் புரட்டிப் படுக்கவைக்கும் பக்குவம் வேறு யாருக்கும் தெரியாது. அந்தச் சிவப்புக் கண்ணாடியை வேறு போட்டுக்கொண்டே இருப்பாள். அவசரத்தில் யாரோ அளவு பார்த்திருக்கிறார்கள். பவர் கூடிப்போயிருக்கிறது. அதில் பார்த்தால் எல்லாம் உள்ளதைவிடப் பெரிதாகத்தான் தெரியும். நான் போய்க் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் சரியாகிவிடுவாள்.